வீடு திரும்பும் நாளில் தொடங்கும் பணி



"நாளைக்குக் காலையில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தில் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். கடவுளுக்கு நன்றி சொல்கிறோம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் விடைபெறுகிறோம், பாத்திரங்களையும் போர்வையையும் பையில் கட்டுகிறோம். காய்ச்சலுக்கோ கால் முறிவுக்கோ சேர்க்கப்பட்ட இளையவர் என்றால் கதை அத்துடன் முடிந்தது. ஆனால் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ள ஒரு முதியவரைப் பொறுத்தவரை உண்மையான பணி அன்றுதான் தொடங்குகிறது. மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், பணியாளர் எனப் பலர் மூன்று முறை மாறிப் பார்த்த வேலை முழுவதும் வீட்டில் ஒருவர் தோளில் வந்து விழுகிறது. அவர் பெரும்பாலும் ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள்.

இந்த நிலையைப் பற்றியும், வீட்டிலேயே கிடைக்கக்கூடிய செவிலியர் உதவி பற்றியும், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் கல்வராயன் மலையிலும் வாழும் நாம் என்ன செய்யலாம் என்பது பற்றியும் இங்கே சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இது முதுமை அல்ல, நோய்

வயதானால் மறதி வருவது இயல்பு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமை. அந்தக் கண்ணாடி எதற்குப் பயன்படுகிறது என்பதையே மறப்பது நோய். மறதி நோயில் நினைவு மட்டும் குறைவதில்லை. நேரம், இடம், ஆட்கள், பணக்கணக்கு, பேச்சு, உடுத்துவது, உண்பது என ஒவ்வொன்றாகக் கைநழுவுகிறது. அல்சைமர் நோய் இதற்கு முதன்மையான காரணம். பக்கவாதத்தாலும் மூளை இரத்தக்குழாய்க் கோளாறுகளாலும் வருவது அடுத்தது.

நாடு தழுவிய முதியோர் ஆய்வின் அடிப்படையில் 2023இல் வெளியான கணக்கீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம் என்று அதே ஆய்வு கூறுகிறது. நம் பங்கில் 60 வயதைக் கடந்தவர்கள் 200 பேர் இருந்தால், ஏறக்குறைய 15 வீடுகளில் இந்நோய் இருக்கக்கூடும் என்று பொருள். அந்த 15 வீடுகள் எவை என்று நமக்குத் தெரியுமா?

இறையூர், விரியூர், மேல்நாரியப்பனூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களாகட்டும், மலை மேலுள்ள சிற்றூர்களாகட்டும், இன்று பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கேரளத்திலும் வேலை செய்கிறார்கள். வீட்டில் எஞ்சியிருப்பவர் ஒரு தாத்தா, ஒரு பாட்டி, சில இடங்களில் ஒரு பேரப்பிள்ளை. 70 வயதுக்காரர் 78 வயதுக்காரரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டிய நிலை.

"இது பேய் பிடித்தது, செய்வினை" என்று சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்பவர்கள் இன்றும் உண்டு. "செபித்தால் போதும், மருத்துவர் வேண்டாம்" என்போரும் உண்டு. இரண்டும் தவறு. மூளையில் வரும் நோய் இது. செபம் நமக்குத் துணிவும் பொறுமையும் தரும். ஆனால் அது மருத்துவத்திற்கு மாற்று அல்ல.

மருத்துவமனைக்குப் போன பிறகு மோசமாவது ஏன்?

"ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். போன பிறகுதான் புத்தி மாறிவிட்டது" என்று பல குடும்பங்களில் சொல்லக் கேட்கிறோம். பலர் இதற்காக மருத்துவமனையைக் குறை சொல்கிறார்கள். உண்மை வேறு.

மறதி நோயாளர் தமக்குப் பழகிய வீட்டையும் பழகிய முகங்களையும் பற்றிக்கொண்டுதான் நாளைக் கடத்துகிறார். வார்டில் அந்தப் பிடி அறுந்துபோகிறது. இரவிலும் எரியும் விளக்கு, தெரியாத முகங்கள், கையில் ஊசி, சிறுநீர்க் குழாய், தூக்கமின்மை. இவற்றோடு நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்துகள், வலி ஆகியவை சேரும்போது சில மணி நேரத்திலேயே கடுமையான மனக்குழப்பம் ஏற்படுகிறது. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். நாம் இதைத் திடீர்க் குழப்பம் எனலாம்.

மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் வளர்வது. திடீர்க் குழப்பம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருவது. காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் ஆளையே அடையாளம் காணாமல் கத்துவார். சிலர் கத்தாமல், எந்நேரமும் அரைத்தூக்கத்தில் கிடப்பார்கள். "அமைதியாக இருக்கிறார்" என்று நாம் நினைப்போம். அதுவும் ஆபத்தான குழப்பமே.

இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் திடீர்க் குழப்பம் பெரும்பாலும் குறையும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மறைந்துவிடாது. முழுதும் தெளியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே வார்டில் பார்த்த நிலையை வைத்து "இனி இவர் இப்படித்தான்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குழப்பம் தெளிந்த பிறகு மருத்துவரிடம் மறுபடியும் நினைவாற்றலைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் தலைக்குள் இரத்தக் கசிவு போன்ற, சிகிச்சையால் சீராகக்கூடிய காரணங்களும் மறதி நோய்போலவே தோன்றும் என்பதை மறவாதிருப்போம்.

வார்டை விட்டு இறங்கும் முன் கேட்க வேண்டியவை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக 2019 நவம்பரில் உருவானது. சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. முன்பு விழுப்புரத்திற்கும் சேலத்திற்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடிய நமக்கு இது பெரிய வசதி. ஆனால் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் டிஸ்சார்ஜ் நேரம் பரபரப்பானது. சீட்டைக் கையில் கொடுப்பார்கள். அதில் எழுதியிருப்பது நமக்குப் புரியாது. கேட்கக் கூச்சப்படுவோம். இந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு, முந்தின நாளே வார்டுச் செவிலியரிடம் ஆறு கேள்விகளைக் கேட்போம்.

1. என்ன நோய் என்று சேர்த்தீர்கள், இப்போது எது சரியாகியிருக்கிறது, எது இன்னும் சரியாகவில்லை?

2. பழைய மாத்திரைகளில் எவற்றைத் தொடர வேண்டும், எவற்றை நிறுத்த வேண்டும்? ஒரே மருந்து வேறு வேறு பெயர்களில் வருவதால், வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. இல்லையென்றால் ஒரே மாத்திரையை இருமுறை கொடுத்துவிடுவோம்.

3. சரியாகச் சாப்பிடாத நாளில் சர்க்கரை நோய் மாத்திரையையோ இன்சுலினையோ என்ன செய்வது?

4. சிறுநீர்க் குழாயோ மூக்குக் குழாயோ இருந்தால் எப்போது எடுக்க வேண்டும்? யார் மாற்றுவார்?

5. எழுப்பி உட்கார வைப்பது, படுக்கையில் புரட்டுவது, உணவு ஊட்டுவது, குழாயைச் சுத்தம் செய்வது ஆகியவற்றை எங்களுக்கு ஒருமுறை செய்து காட்டுவீர்களா? அவர்கள் பார்க்க நாமும் ஒருமுறை செய்வோமா?

6. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? எந்த எண்ணில் அழைக்க வேண்டும்?

இவற்றோடு நாமும் மருத்துவரிடம் உண்மைகளைச் சொல்ல வேண்டும். நோய்க்கு முன் எப்படி இருந்தார், தானாகச் சாப்பிட்டாரா, நடந்தாரா என்பதை நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்கவே கூடாது. தினமும் குடித்தவர் மருத்துவமனையில் திடீரென நிறுத்தும்போதும் கடுமையான குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். மானத்தைக் காக்க மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

மலைக்குத் திரும்பும் வழி

அவசரத்தில் 108 ஊர்தி நம்மை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. திரும்பி வருவது பெரும்பாலும் நம் பொறுப்பு, நம் செலவு. சமவெளியில் ஆட்டோ கிடைக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கும் அதற்கப்பாலுள்ள சிற்றூர்களுக்கும் செல்ல வேண்டியவர்கள் நிலை வேறு. பேருந்தை விட்டு இறங்கி நடக்க வேண்டிய ஊர்கள் உள்ளன. கைப்பேசி எடுக்காத இடங்களும் உள்ளன.

மறதி நோயாளர் பலருக்கு மாலை மங்கும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். பிற்பகலில் டிஸ்சார்ஜ் ஆகி, பேருந்துக்குக் காத்திருந்து, வளைவுகளில் ஏறி, இருட்டிய பிறகு வீடு சேர்ந்தால், அந்த முதல் இரவே பெரும் போராட்டமாகிவிடும். "தயவுசெய்து காலையிலேயே அனுப்புங்கள், மலைக்குப் போக வேண்டும்" என்று முந்தின நாளே வார்டில் சொல்லி வைப்பது நம் உரிமை. புறப்படும் முன் சாப்பிட வைத்து, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, குடிநீரும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு, பழகிய ஒருவர் அவர் பக்கத்தில் அமர்ந்துவரப் புறப்படுவோம். மூன்று நாள் மருந்தாவது கையில் இருக்கட்டும். கைப்பேசி கிடைக்காத ஊர் என்றால், தகவல் சொல்ல யார் எங்கே ஓடுவது என்பதையும் முன்பே முடிவு செய்வோம்.

முதல் நான்கு வாரங்கள்

வீடு திரும்பிய முதல் நான்கு வாரங்களே மிகவும் கவனம் தேவைப்படும் காலம். மறுபடி மருத்துவமனைக்குப் போக நேர்வதும், படுக்கைப் புண் வருவதும், கீழே விழுவதும் பெரும்பாலும் இக்காலத்தில்தான்.

இடம்: அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே படுக்க வையுங்கள். வசதிக்காகப் புதிய அறைக்கு மாற்றினால் குழப்பம் கூடும். இரவில் சிறு விளக்கு எரியட்டும். நடைபாதையில் கயிறு, சாக்கு, பாத்திரம் கிடக்க வேண்டாம். விறகடுப்புக்கு அருகில் தனியே விட வேண்டாம். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இருந்தால் அணிவியுங்கள். பார்வையும் செவியும் மங்கினால் மனம் இன்னும் குழம்பும்.

உணவு: நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் மட்டுமே ஊட்ட வேண்டும். படுத்திருக்கும்போதோ தூக்கக் கலக்கத்திலோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், சாமைக் கஞ்சி, மசித்த காய் நல்லது. சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின்பே அடுத்த வாய். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால் செவிலியரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர்: மறதி நோயாளர் தாகத்தைச் சொல்ல மாட்டார். நம் வெயிலில் இது பெரிய ஆபத்து. விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை சில மிடறுகள் கொடுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

தோல்: எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. மஞ்சள், சாம்பல், பச்சிலை எதையும் வைத்துக் கட்டாமல் செவிலியரை அழையுங்கள்.

கழிப்பறை: கேட்கும்வரை காத்திராமல் இரண்டு மணிக்கொருமுறை நாமே அழைத்துச் செல்வோம். மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் அதுவே குழப்பத்தைக் கூட்டும். மருத்துவமனையில் டயப்பர் கட்டியவர்கள் எல்லாருக்கும் வீட்டிலும் அது வேண்டும் என்பதில்லை.

நடை: படுத்தே கிடந்தால் தசைகள் விரைவில் வலுவிழக்கும். மருத்துவர் அனுமதித்தால் தினமும் கைப்பிடித்துச் சில அடிகளாவது நடக்க வையுங்கள்.

தூக்க மாத்திரை: இரவில் கத்துகிறார், தூங்கவில்லை என்று மருந்துக் கடையில் நாமே மாத்திரை வாங்கிக் கொடுப்பது மிகவும் ஆபத்து. தூக்க மாத்திரைகளால் விழுந்து எலும்பு முறிகிறது. கலவரத்தை அடக்கத் தரப்படும் மனநோய் மருந்துகள் சில, மறதி நோயுள்ள முதியோரில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. மருத்துவர் தேவை கருதி எழுதினால், குறைந்த அளவில், எத்தனை நாளுக்கு என்று கேட்டே கொடுக்க வேண்டும்.

பேச்சு: "இது என்ன கிழமை? நான் யார் சொல்லுங்கள்?" என்று தேர்வு வைக்காதீர்கள். "அப்பா, நான் மேரி வந்திருக்கிறேன், கஞ்சி கொண்டுவந்திருக்கிறேன்" என்று நாமே சொல்லிவிடுவோம். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வோம். என்றோ இறந்துபோன தன் தாயைத் தேடி அழுதால், "அவர் செத்து முப்பது வருஷம் ஆகிறது" என்று வாதிடுவதால் பயனில்லை. அவருக்கு அது புதிய சாவுச் செய்தியாகவே விழும். "அம்மா நினைவு வந்துவிட்டதா, உங்கள் அம்மா என்ன சமைப்பார்கள்?" என்று கேட்டால் அழுகை அடங்கக்கூடும்.

கட்டிப்போடுவதும் அறையில் பூட்டி வைப்பதும் வேண்டாம். கட்டினால் பயமும் காயமும் கூடும். வெளியே நடந்து போய்விடுகிறவர் என்றால் வாசற்கதவில் மணி கட்டுங்கள். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டையில் தைத்து விடுங்கள். கிணறும் காடும் ஓடையும் அருகிலுள்ள மலையூர்களில், இவர் இப்படிப்பட்டவர் என்று ஊரார் அனைவருக்கும் சொல்லிவைப்பதே பெரிய பாதுகாப்பு. மூடி மறைத்தால் தேடுவதற்கு ஆள் இருக்காது.

ஆபத்து அறிகுறிகள்: காய்ச்சல், சிறுநீர் குறைவது, திடீரென அரைத்தூக்கத்தில் கிடப்பது, ஒரே நாளில் குழப்பம் கூடுவது, சாப்பிட மறுப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் செயலிழப்பது, வலிப்பு, மூச்சுத்திணறல், தலையில் அடிபடுவது என்றால் 108.

வீடு தேடி வரும் செவிலியர்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைப் பற்றி நாம் அறிவோம். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மட்டுமல்ல. படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை தரும் செவிலியரும், இயன்முறை சிகிச்சையாளரும் வட்டார அளவில் இத்திட்டத்தில் உண்டு. கல்வராயன்மலையும் தனி ஒன்றியமே. புண்ணுக்குக் கட்டுப்போடுவது, சிறுநீர்க் குழாய் பராமரிப்பு, கை கால் பயிற்சி ஆகியவற்றுக்கு இவர்களைக் கேட்கலாம். ஆனால் நம் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது அவர்கள் பட்டியலில் இருந்தால்தானே வருவார்கள்? டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ துணை சுகாதார நிலையத்திற்கோ சென்று பெயரைப் பதிவு செய்யச் சொல்வது, வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. பராமரிப்பவர் மனம் உடைந்துபோனால் பேசுவதற்கு 14416.

பணம் கொடுத்து வீட்டுச் செவிலியரை அமர்த்துவோரும் உண்டு. வருபவர் உண்மையில் செவிலியர் பயிற்சி பெற்றவரா, வெறும் உதவியாளரா என்பதைக் கேட்டறியுங்கள். குழாய் மாற்றுவது, ஊசி போடுவது, ஆழமான புண்ணைச் சுத்தம் செய்வது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டியவை. அவர் வந்துவிட்டார் என்று குடும்பம் ஒதுங்கிவிடவும் கூடாது. நோயாளர் தேடுவது பழகிய முகத்தையே.

கோவா காட்டிய வழி

"நம் ஊரில் மறதி நோய்க்கென்று பயிற்சி பெற்ற செவிலியருக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரித்தானியாவில் 'அட்மிரல் நர்ஸ்' என்ற பெயரில் இதற்கெனவே தனிச் செவிலியர்கள் இருக்கிறார்கள். மறதி நோயால் துன்புற்ற ஜோசப் லெவி என்பவரின் குடும்பம் தொடங்கிய பணி அது. கடற்பயணத்தை விரும்பிய அவரை அன்போடு 'அட்மிரல் ஜோ' என்று அழைத்ததால் அந்தப் பெயர். அத்தகைய செவிலியரை ஒவ்வோர் ஊருக்கும் அனுப்ப நம்மால் இயலாது.

ஆனால் நம் நாட்டிலேயே வேறொரு வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. கோவாவில் மறதி நோயாளர் உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. செவிலியராகவோ மருத்துவராகவோ இல்லாத உள்ளூர் ஆட்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தந்து, வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்களாக 6 மாதம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் துணையாக மனநல மருத்துவர் ஒருவர் இருந்தார். நோய் என்னவென்று விளக்குவது, குளிப்பாட்டவும் ஊட்டவும் வழி சொல்வது, கோபத்தையும் அலைச்சலையும் எப்படிக் கையாள்வது என்று காட்டுவது, அரசு உதவிகளைச் சொல்வது, ஒரே துன்பத்தில் இருக்கும் குடும்பங்களை ஒன்றோடொன்று சேர்த்துவைப்பது ஆகியவையே அவர்கள் பணி. முடிவில் பராமரிப்பவர்களின் மனநலம் தேறியிருந்தது. நோயாளரின் நடத்தையால் அவர்கள் அடைந்த வேதனை குறைந்திருந்தது. நோய் குணமாகவில்லை. ஆனால் அதைச் சுமப்பவர் உடைந்துபோகாமல் நின்றார்.

கேரளமும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. 1992இல் மறதி நோயாளருக்கான தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது அங்கேதான். 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாக நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென அரசுக் கொள்கை வகுத்ததும் அம்மாநிலமே. அங்கு செவிலியர் வீடு வீடாகச் செல்ல, ஊர்த் தன்னார்வலர்கள் உடன் செல்கிறார்கள். ஆக, செவிலியர் செய்ய வேண்டியது ஒரு பங்கு. ஊர் செய்யக்கூடியது அதைவிடப் பெரிய பங்கு.

பராமரிப்பவரைப் பராமரிப்பவர் யார்?

ஒரு மருமகள் அதிகாலையில் எழுந்து மாமியாருக்குத் துணி மாற்றி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி வேலைக்குப் போக முடியாமல், இரவும் தூங்காமல் இருக்கிறாள். வருகிற உறவினரோ, "அத்தை ஏன் இப்படி இளைத்துவிட்டார்?" என்று அவளையே கேட்டுவிட்டுப் போகிறார். இத்தகைய வீடுகள் நம் பங்குகளில் இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? தொடர்ந்து தூக்கமில்லாத ஒருவர் ஒருநாள் கையை ஓங்கிவிட்டால், அவளைக் குற்றவாளியாக்கும் முன் அவளைத் தனியே விட்டது யார் என்று நம்மை நாமே கேட்க வேண்டும்.

வெளியூரிலிருக்கும் மகன்களே, மாதாமாதம் பணம் அனுப்புவது நல்லது. ஆனால் அப்பா வீடு திரும்பிய முதல் மாதத்தில் பத்து நாள் விடுப்பெடுத்து வந்து இரவில் விழித்திருப்பது அதைவிட நல்லது. ஆண்கள் துணி மாற்றினால் மானம் போய்விடாது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீராக்கின் ஞான நூல், மூன்றாம் அதிகாரத்தில், அறிவாற்றல் குன்றிப்போன தந்தையைப் பற்றியே வெளிப்படையாகப் பேசுகிறது. அந்த நிலையிலும் அவரிடம் பொறுமை காட்ட வேண்டும் என்று அது மகனைப் பார்த்துத்தான் சொல்கிறது, மருமகளைப் பார்த்து அல்ல.

அன்பியங்கள் செய்யக்கூடியவை

நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் இருக்கின்றன. பல ஊர்களில் செவிலியராகப் பணியாற்றிய அருள்சகோதரிகளும் ஓய்வுபெற்ற செவிலியரும் இருக்கிறார்கள். புதிய அமைப்பு எதையும் தொடங்கத் தேவையில்லை. இருப்பவர்கள் பின்வருவனவற்றைச் செய்தால் போதும்.

ஒரு முதியவர் மருத்துவமனையிலிருந்து திரும்பினால், அந்த அன்பியத்தார் நான்கு வாரங்களுக்கு ஒரு முறைப்பட்டியல் போடட்டும். வாரத்தில் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம், பழகிய ஒருவர் அவரோடு அமர்ந்திருந்தால், பராமரிப்பவர் குளிக்கவும் உறங்கவும் கடைக்குப் போகவும் முடியும். ஒரு நாள் சமையலை இன்னொரு வீடு ஏற்கட்டும். ஒருவர் சுகாதார நிலையத்தில் பெயர் பதியும் வேலையைப் பார்க்கட்டும். கமோடு நாற்காலி, நடைச்சட்டம், ஏர் பெட் போன்றவற்றை ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் மூலையில் போட்டுவிடாமல், பங்கின் பொதுப் பொருளாக அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். மருத்துவ உதவி தேவைப்படுவோர் எந்த மதத்தவராயினும், எந்தச் சாதியினராயினும் நம் அயலாரே. மலையில் பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

நோயாளரைச் சந்திக்கச் செல்வோர் கூட்டமாகப் போக வேண்டாம். இருவர் போதும். சத்தமாகப் பேசாமல், அவருக்குத் தெரிந்த பழைய செபத்தையோ பாடலையோ மெதுவாகத் தொடங்குங்கள். பேரப்பிள்ளையின் பெயரை மறந்தவர் செபமாலையை மறக்காதிருப்பதை நாம் காண்கிறோம். விழுங்கச் சிரமப்படுவோருக்கு நற்கருணையின் மிகச் சிறு துண்டைச் சிறிது நீரோடு தரலாம். முன்பே பங்குத்தந்தையிடம் சொல்லிவையுங்கள். நோயிற்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டுமானது அல்ல. வீடு திரும்பிய முதியவருக்கும் அதைக் கேட்டுப் பெறலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் நாள், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகிறது. செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். இந்த ஆண்டு அந்த நாட்களில் ஆலயத்தில் முதியோருக்குச் சால்வை போர்த்துவதோடு நின்றுவிடாமல், ஆலயத்திற்கு வர முடியாத முதியோர் யார் யார் என்று ஒவ்வோர் அன்பியமும் ஒரு பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர், இந்த வாரம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரின் பெயர். அதற்குப் பக்கத்தில் மறக்காமல் எழுத வேண்டிய இன்னொரு பெயர், அவரைப் பார்த்துக்கொள்பவரின் பெயர்.